மலைத்தடத்துக்கு வண்டி தேடுகிறீர்களா? அடி இழுவை உள்ள எஞ்சினைத் தேர்ந்தெடுப்பது எப்படி

வேலூர் பக்கம் ஓடுகத்தூரைத் தாண்டி மலையேறும் மண்பாதை ஒன்றில், மழைத்தண்ணீர் மண்ணை அரித்துப் பாறையை வெளியே தள்ளியிருக்கும் திருப்பம் ஒன்று உண்டு. முக்கால் அடிக்குக் குறையாத கற்படி அது. ஒரு ஐப்பசி மாதம் அந்த இடத்தில் இரண்டு வண்டிகள் அடுத்தடுத்து ஏறுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். முன்னால் போனது என் சித்தப்பாவின் பழைய டீசல் ஜீப். பின்னால் ஐந்தாறு மூட்டை சாமை இருந்தது. லோ கியரில், அதாவது வண்டியை மெதுவாக்கி இழுவையைப் பெருக்கும் தனிக் கியரில் போட்டார், முதல் கியர், கிளட்சிலிருந்து காலை எடுத்துவிட்டார். ஆக்சிலேட்டரைத் தொடவே இல்லை. எஞ்சின் சத்தம் ஒரு கணம் கனத்தது, முன் டயர் கல்லைக் கவ்வியது, வண்டி மெதுவாக எழுந்து மேலே போய்விட்டது.

அடுத்து நண்பனின் புது டர்போ டீசல் (டர்போ என்பது எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் விசிறி). சக்தியில் அந்த ஜீப்பைப் போல இரண்டு மடங்கு, நான்கு சக்கரமும் இழுக்கும், ஆனால் லோ கியர் கிடையாது. இரண்டு தடவை கல்லில் முட்டி அணைந்தது. மூன்றாவது தடவை ஆக்சிலேட்டரை அழுத்தி, கிளட்சைப் பாதியில் பிடித்துக்கொண்டு ஏற்றினான். ஏறியது. கூடவே தோல் கருகுவது மாதிரி ஒரு நாற்றம் வந்தது. வீடு திரும்புவதற்குள் கிளட்ச் வழுக்க ஆரம்பித்துவிட்டது.

வண்டி வாங்க நினைப்பவர்கள் என்னிடம் "எத்தனை குதிரைசக்தி?" என்று கேட்கும்போதெல்லாம் இந்தத் திருப்பம்தான் நினைவுக்கு வருகிறது. மலைத்தடத்தில் வேலை செய்வது எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது கிடைக்கும் இழுவை. அதைத்தான் இங்கே அடி இழுவை என்கிறேன். புத்தகத்தில் முறுக்குவிசை, கடையில் டார்க், ஒர்க்‌ஷாப்பில் இழுப்பு என்பார்கள்.

முதல் வேலை: எந்த மண்ணில் ஓட்டப் போகிறீர்கள்?

விலைப்பட்டியலைத் திறப்பதற்கு முன்னால் இதை முடிவு செய்யுங்கள். பழைய வட ஆற்காட்டுக்குள்ளேயே மண் ஊருக்கு ஊர் மாறுகிறது, எஞ்சினிடம் அது கேட்பதும் மாறுகிறது.

ஜவ்வாது மலைப் பக்கம், அதாவது பீஞ்சமந்தை, பாலாம்பட்டு, ஜார்த்தான்கொல்லை போன்ற மலை ஊர்களைச் சுற்றி, தார்ச் சாலையை விட்டு இறங்கினால் கல்லும் செம்மண்ணும்தான். நடக்கிற வேகத்தில், ஒவ்வொரு கல்லாகப் பார்த்து ஏற்ற வேண்டும். இங்கே அடி இழுவைதான் எல்லாம்.

பாலாற்று மணல் வேறு மாதிரி. ஆண்டில் பெரும்பாலான நாட்கள் காய்ந்து கிடக்கும் ஆறு, ஆனால் மணல் சக்கரத்தை விழுங்கும். அங்கே ஊர்ந்தால் புதைவீர்கள். வேகத்தை விடாமல், எஞ்சினைக் கொஞ்சம் சுற்ற விட்டு ஓட்ட வேண்டும். அதற்கு நடு ஆர்.பி.எம்.மிலும் (எஞ்சின் நிமிடத்துக்குச் சுற்றும் சுற்றுகள்) சக்தி வேண்டும். டயர் காற்றை 18 முதல் 20 பி.எஸ்.ஐ. வரை இறக்குவது, எஞ்சினுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் 50 என்.எம்.மைவிட (நியூட்டன் மீட்டர், டார்க்கின் அளவு) அதிகம் உதவும். கரையேறியதும் மறக்காமல் காற்றடித்துவிடுங்கள்.

ஏரிக்கரையும் வயல்வரப்பும் மூன்றாவது ரகம். மழை விட்ட மறுநாள் களிமண்ணில் டயரின் பட்டைகள் அடைத்து, வழவழவென்று ஆகிவிடும். இங்கே இழுவை திடீரென்று வந்தால் ஆபத்து, சக்கரம் வீணாகச் சுற்றும். சீராக, கால் அசைவுக்கு ஏற்ற அளவில் வரும் எஞ்சின் வேண்டும். ஒன்றும் இல்லாமல் கிடந்துவிட்டு 1,800 ஆர்.பி.எம்.மில் குபீரென்று கிளம்பும் டர்போ எஞ்சின்களை நான் களிமண்ணுக்குச் சொல்ல மாட்டேன்.

ஏலகிரிக்குப் போய்வரத்தான் வண்டி என்றால் இந்தக் கட்டுரையே தேவையில்லை. அந்த 14 கொண்டை ஊசி வளைவும் நல்ல தார்ச் சாலை. சாதாரணக் கார் போதும்.

இரண்டாவது: பட்டியலில் இருக்கும் எண்ணைப் படிக்கும் முறை

சக்தி என்பது டார்க்கும் சுழற்சி வேகமும் சேர்ந்தது. டார்க்கை ஆர்.பி.எம்.மால் பெருக்கி 9,549-ஆல் வகுத்தால் கிலோவாட் வரும். அதனால் பெரிய குதிரைசக்தி எண் இரண்டு வழியில் வரலாம்: நிறைய டார்க்காலும் வரலாம், எஞ்சின் தறிகெட்டுச் சுற்றுவதாலும் வரலாம். மலைத்தடத்தில் எஞ்சின் 800 முதல் 1,800 ஆர்.பி.எம்.முக்குள்தான் இருக்கும். 5,000-இல் கிடைக்கும் சக்தி அங்கே உங்களுக்குப் பயன்படாது.

ஆகவே பட்டியலில் டார்க் எண்ணுக்குப் பக்கத்தில் எழுதியிருக்கும் ஆர்.பி.எம்.மைப் பாருங்கள். மஹிந்திரா தார் 2.2 லிட்டர் டீசலுக்கு 300 என்.எம்., 1,600 முதல் 2,800 வரை. அதே தார் 2 லிட்டர் டர்போ பெட்ரோல் மேனுவலுக்கும் 300 என்.எம்.தான், ஆனால் 1,250-இலேயே தொடங்கி 3,000 வரை நிற்கிறது. டீசல்தான் கீழே இழுக்கும், பெட்ரோல் இழுக்காது என்று நம் ஊரில் கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறோமே, இந்த இரண்டு வரிகளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2024-இல் வந்த ஃபோர்ஸ் கூர்க்கா 2.6 லிட்டர் டீசல் 320 என்.எம்.மை 1,400-இலிருந்து 2,600 வரை கொடுக்கிறது. மாருதி ஜிம்னியின் 1.5 லிட்டர் பெட்ரோலுக்கு டர்போ இல்லை. 134 என்.எம்., அதுவும் 4,000 ஆர்.பி.எம்.மில். நம் மலைக்காரர்கள் இன்னும் தேடி வாங்கும் பழைய ஜிப்ஸிக்கு அதைவிடக் குறைவு: 1.3 லிட்டர், ஏறத்தாழ 103 என்.எம்., 4,500-இல்.

இந்த எண்களை மட்டும் வைத்துப் பார்த்தால் ஜிப்ஸியும் ஜிம்னியும் கற்படியில் ஏறவே கூடாது. ஆனால் ஏறுகின்றன. ஏன் என்பது அடுத்த கணக்கில் இருக்கிறது.

இன்னொன்று. பட்டியல் சொல்வது உச்சம் எங்கே தொடங்குகிறது என்பதைத்தான். அதற்குக் கீழே, 1,000 ஆர்.பி.எம்.மில் எவ்வளவு என்று எந்த ஷோரூமும் எழுதி வைப்பதில்லை. டார்க் வரைபடம் கிடைத்தால் கோட்டின் இடது ஓரத்தைப் பாருங்கள். செங்குத்தாக ஏறும் கோடு என்றால் கீழே காலி. ஆரம்பத்திலிருந்தே மேடை மாதிரி படுத்திருந்தால் நல்லது.

மூன்றாவது: சக்கரத்துக்கு வரும் இழுவையைக் கணக்குப் போடுங்கள்

வண்டியைத் தள்ளுவது எஞ்சினின் டார்க் அல்ல, சக்கரத்தின் டார்க். நடுவில் மூன்று இடத்தில் அது பெருகுகிறது: முதல் கியர், எஞ்சின் சக்தியை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸின் லோ, ஆக்சிலில் உள்ள கிரவுன் பினியன் பல்சக்கரம். மூன்றையும் பெருக்கினால் வருவதுதான் கிரால் ரேஷியோ.

எளிய எண்களை வைத்துச் செய்து பார்ப்போம். ஒரு வண்டிக்கு முதல் கியர் 4, லோ 2.5, கிரவுன் 4 என்று வையுங்கள். பெருக்கினால் 40. இன்னொரு வண்டிக்கு லோ இல்லை. அதே 4, அதே 4. பெருக்கினால் 16.

முதல் வண்டியின் எஞ்சின் சாதாரணமானது, 1,000 ஆர்.பி.எம்.மில் 120 என்.எம். கொடுக்கிறது. சக்கரங்களுக்கு 4,800 என்.எம். இரண்டாவது வண்டியின் எஞ்சின் பலசாலி, அதே 1,000-இல் 160 என்.எம். சக்கரங்களுக்கு 2,560 என்.எம்.தான்.

இப்போது சரிவுக்கு வருவோம். 30 டிகிரி சரிவில் வண்டி எடையில் சரிபாதி பின்னோக்கி இழுக்கும். 1,600 கிலோ வண்டி என்றால் 800 கிலோ. டயரின் ஆரம் 36 சென்டிமீட்டர் என்று கொண்டால், முதல் வண்டி மண்ணைத் தள்ளும் விசை ஏறத்தாழ 1,360 கிலோ. இரண்டாவது வண்டிக்கு 725 கிலோ. உராய்வில் போவதைக் கழிப்பதற்கு முன்பே 800-ஐ எட்டவில்லை. அணைந்து போகும். அணையாமல் இருக்க ஆர்.பி.எம்.மை ஏற்றி, கிளட்சைத் தேய்த்துத்தான் ஆகவேண்டும். நண்பனின் வண்டியில் வந்த நாற்றம் இந்த 75 கிலோ பற்றாக்குறையின் நாற்றம்தான்.

வேகத்தையும் பாருங்கள். 1,000 ஆர்.பி.எம்.மில் 40 விகித வண்டி மணிக்கு 3.4 கிலோமீட்டர் போகும். 16 விகித வண்டி 8.5 கிலோமீட்டர். கல்லின் மேல் 8.5 என்பது பாய்ச்சல். ஓட்டுபவர் பயந்து கிளட்சை மிதிப்பார், அங்கேயும் பிளேட் தேயும்.

அதனால் என் முடிவு இது: லோ உள்ள சுமாரான எஞ்சினையும் லோ இல்லாத பிரமாதமான எஞ்சினையும் ஒரே விலைக்குக் கொடுத்தால், ஜவ்வாதுக்கு முதலாவதைத்தான் எடுப்பேன். பட்டியலில் 4x4 என்று இருந்தால் மட்டும் போதாது, 4எல், அதாவது நான்கு சக்கர லோ, இருக்கிறதா என்று கேளுங்கள். தார் 1.5 லிட்டர் டீசலுக்கும் 300 என்.எம்.தான், ஆனால் அது பின்சக்கரம் மட்டும் இழுக்கும் வண்டி. எண் ஒன்றுதான், வேலை வேறு.

டயரை மாற்றும் ஆசை இருந்தால் அதையும் இந்தக் கணக்கில் சேர்த்துவிடுங்கள். 28 அங்குல டயரைக் கழற்றி 31 அங்குலம் போட்டால் மண்ணைத் தள்ளும் விசை பத்தில் ஒரு பங்கு போய்விடும்.

நான்காவது: டீசலா, பெட்ரோலா, டர்போ வேண்டுமா?

டர்போ இல்லாத பழைய டீசலின் குணம் சீரானது. பெரிய டார்க் கிடையாது, ஆனால் இருப்பது கீழேயே இருக்கும். கனமான ஃபிளைவீல் வேறு இருப்பதால், கல்லில் முட்டினாலும் சட்டென்று அணையாது. பழைய பெட்ரோலிலும் இந்தக் குணம் உண்டு: இரண்டாம் உலகப்போர்க் கால வில்லிஸ் ஜீப்பின் 2.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் 60 குதிரைசக்திதான். ஆனால் அதன் 142 என்.எம். உச்சம் வெறும் 2,000 ஆர்.பி.எம்.மில் வந்துவிடும். டிரான்ஸ்ஃபர் கேஸின் லோ 1.97. அந்தக் கூட்டணிதான் அதை மலை வண்டியாக்கியது.

டர்போ எஞ்சினில் ஒரு சிக்கல் உண்டு. வெளியேறும் புகையின் வேகத்தில்தான் டர்போ சுற்றும். மெதுவாகச் சுற்றும் எஞ்சினில் புகை குறைவு, எனவே டர்போ தூங்கும். அந்த நேரத்தில் கையில் இருப்பது எஞ்சினின் சொந்த சி.சி. (கொள்ளளவு) மட்டும்தான். ஆகவே ஒரே 300 என்.எம். கொண்ட 1.5 லிட்டரும் 2.2 லிட்டரும் வந்தால், 2.2-ஐ எடுங்கள். வேரியபிள் ஜியோமெட்ரி டர்போ இருந்தால் இன்னும் நல்லது. புகை குறைவாக இருக்கும்போது அதன் இறக்கைகள் வழியைக் குறுக்கி, டர்போவைச் சீக்கிரம் எழுப்பிவிடும்.

உயரம் ஏறினால் நிலைமை கொஞ்சம் மாறும். டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு 300 மீட்டருக்கும் ஏறத்தாழ 3 சதவீத சக்தியை இழக்கும். காவலூர் வானாய்வகம் 725 மீட்டரில் இருக்கிறது. அங்கே 7 சதவீதம் போயிருக்கும். டர்போ இந்த இழப்பைப் பெரும்பாலும் ஈடுகட்டிவிடும். நம் மலைகள் பெரிய உயரம் இல்லை என்பதால் நான் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

ஆட்டோமேட்டிக் என்றால் முகம் சுளிக்கும் பழைய ஓட்டுநர்களுக்கு ஒரு வார்த்தை. டார்க் கன்வெர்ட்டர் உள்ள ஆட்டோமேட்டிக்கில், வண்டி நிலையில் இருந்து கிளம்பும்போது எஞ்சினின் டார்க் ஏறத்தாழ இரண்டு மடங்காகப் பெருகும். தேய கிளட்ச் பிளேட் கிடையாது. கீழே இழுவை குறைந்த டர்போ எஞ்சினுக்கு இது பெரிய துணை. அதற்குப் பதில் கியர்பாக்ஸ் எண்ணெய் சூடேறும், நீண்ட ஏற்றத்தில் அதைக் கவனிக்க வேண்டும்.

பி.எஸ். 6 புகை விதிப்படி வந்த டீசல் வாங்குகிறவர்கள் கரித்தூள் வடிகட்டியை மறக்கக் கூடாது. அது தன்னைச் சுத்தம் செய்துகொள்ளப் புகை நல்ல சூட்டில் தொடர்ந்து போக வேண்டும். மலை ஊருக்கும் வீட்டுக்கும் மட்டும் லோ கியரில் ஓடும் வண்டியில் அந்தச் சூடு வராது, வடிகட்டி அடைத்துக்கொள்ளும். வாரம் ஒரு தடவை சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் சீரான வேகத்தில் ஓட்டிவிட்டு வாருங்கள். அதற்கு நேரம் இல்லாதவர்கள் பெட்ரோலை யோசிக்கலாம்.

ஐந்தாவது: ஓட்டிப் பார்க்கும் நாள்

எண்களெல்லாம் இதற்குத் தயாராவதற்குத்தான். உண்மை தெரிவது மண்ணில். டீலரிடமோ விற்பவரிடமோ, "கொஞ்சம் ஏற்றமான மண்பாதைக்குப் போகலாமா?" என்று கேளுங்கள். தார்ச் சாலையில் 4x4 போட்டுத் திருப்பாதீர்கள். முன், பின் சக்கரங்களை வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் டிஃபரன்ஷியல் நடுவில் இல்லாத வண்டிகளில் டிரான்ஸ்ஃபர் கேஸ் இறுகிக்கொள்ளும்.

குடியாத்தத்தில் ஒரு பெரியவரிடம் இந்தச் சோதனையைக் கற்றேன். நாற்பது வருஷம் ஜீப் எஞ்சினைப் பிரித்துப் பூட்டிய கை. ஒரு மேட்டின் நடுவில் வண்டியை நிறுத்தச் சொன்னார். முன் டயருக்கு முன்னால் அரை செங்கல் உயரத்துக்கு ஒரு கல். லோ, முதல் கியர். நான் பழக்கத்தில் ஆக்சிலேட்டரை மிதித்தேன்.

"இன்னா தம்பி, எஞ்சின் மேல நம்பிக்கை இல்லையா? காலை எடு. அதுவா ஏறட்டும்."

காலை எடுத்தேன். கிளட்சை மெதுவாக விட்டேன். எஞ்சினின் தாளம் தாழ்ந்தது, ஆர்.பி.எம். முள் கொஞ்சம் சரிந்தது, பிறகு அதுவாகவே மேலே வந்து நின்றது. வண்டி கல்லின் மேல் ஏறியது.

"முள்ளு கீழ போய்த் திரும்பி வந்துச்சு பாத்தியா? அந்தத் திரும்பி வர்றதுதான் இழுப்பு," என்றார்.

நீங்களும் அந்த முள்ளைத்தான் பார்க்க வேண்டும். சரிந்து திரும்பி வந்தால் நல்ல எஞ்சின். சரிந்துகொண்டே போய் உதறி அணைந்தால் வேண்டாம். இப்போதைய காமன் ரெயில் (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் டீசல் தெளிக்கும்) எஞ்சின்களில் கம்ப்யூட்டரே கூடுதல் டீசல் கொடுத்து முள்ளைத் தூக்கிவிடும். அது ஏமாற்று இல்லை, உங்களுக்கு வேண்டியதும் அதுதான். அப்புறம் அதே மேட்டில் லோ இரண்டாவது கியரில் முயன்று பாருங்கள். அதிலும் ஏறினால் தாராளமான எஞ்சின்.

அதே மேட்டில் லோ முதல் கியரில், பிரேக்கைத் தொடாமல் இறங்கியும் பாருங்கள். வண்டி தன் பாட்டில் பிடித்துக்கொண்டு இறங்க வேண்டும். ஓட ஆரம்பித்தால் விகிதம் போதவில்லை என்று அர்த்தம். ஏறத் தெரிந்த வண்டி இறங்கவும் தெரிந்திருக்க வேண்டும். மூட்டையோடு வரும்போது பிரேக்கை மட்டும் நம்பி ஜவ்வாதை இறங்கக் கூடாது.

பழைய வண்டி என்றால் இன்னும் சில வேலை. "நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ணாதீங்க அண்ணே" என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். ஆறின எஞ்சின் எப்படிக் கிளம்புகிறது என்பதில்தான் கம்ப்ரஷன் தெரியும். ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, உள்ளங்கையை மேலே பிடியுங்கள். லேசான மூச்சு இருக்கலாம். குப்குப்பென்று கையைத் தள்ளினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. தேய்ந்த எஞ்சின் முதலில் இழப்பது அடி இழுவையைத்தான். மெதுவாகச் சுற்றும்போது காற்று கசிய நேரம் அதிகம் கிடைக்கிறது, வேகமாகச் சுற்றும்போது அது தெரியாது. தார்ச் சாலையில் நன்றாக ஓடிய வண்டி மலையில் திணறுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். மூடியின் அடியில் பால் மாதிரி வெள்ளை படிந்திருந்தால் எண்ணெயில் தண்ணீர் கலந்திருக்கலாம். ஹெட் கேஸ்கெட்டைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

வேலூர் வெயில்

சித்திரையில் 40 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும் ஊர் இது. லோ கியரில் ஏறும்போது எஞ்சின் கடுமையாக உழைக்கும், ஆனால் வண்டி வேகமாக நகராததால் ரேடியேட்டருக்குப் போதிய காற்று வராது. ஃபேன்தான் முழு வேலையும் செய்ய வேண்டும். ஆகவே சோதனை ஓட்டத்தை அதிகாலையில் வைக்காதீர்கள். மதியம் ஒரு மணிக்கு, ஏ.சி. போட்டு, பத்து நிமிடம் லோவில் ஏற்றுங்கள். வெப்ப முள் நடுவைத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் எஞ்சின் எவ்வளவு இழுத்தாலும் பயனில்லை. பழைய வண்டியில் ரேடியேட்டரை இறக்கிக் கழுவினாலே பாதிப் பிரச்சினை தீரும்.

எஞ்சினை மட்டும் மாற்றலாமா?

பழைய ஜீப்பில் வேறு கம்பெனி எஞ்சினைப் பொருத்தித் தருகிறேன் என்று சொல்லும் பட்டறைகள் உண்டு. வேலை சுத்தமாகவே செய்வார்கள். ஆனால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவுப்படி, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. எஞ்சின் மாற்ற ஆர்.டி.ஓ. அனுமதி முதலில் வாங்க வேண்டும். வாங்காமல் மாற்றினால், விபத்து நாளில் இன்சூரன்ஸ் கைவிட்டுவிடலாம். கியர்பாக்ஸும் ஆக்சிலும் புது டார்க்கைத் தாங்குமா என்பது தனிக் கேள்வி. இருக்கும் எஞ்சினுக்கு இன்ஜெக்டர், பம்ப் டைமிங், வால்வு இடைவெளி மூன்றையும் சரி செய்து பாருங்கள். நிறைய ஜீப்களுக்குத் தொலைந்த இழுவை அதிலேயே திரும்பி வந்துவிடும்.

இதையெல்லாம் பார்த்தபின் நான் சொல்வது: மலையில் நிலம் வைத்து மூட்டை ஏற்றுகிறவருக்கு லோ உள்ள 2 லிட்டருக்கு மேற்பட்ட டீசல், மேனுவல். சனி, ஞாயிறு மட்டும் தடம் தேடிப் போகிறவருக்கு லோ உள்ள டர்போ பெட்ரோல், ஆட்டோமேட்டிக் கிடைத்தால் அதுவே. குறுகலான பாதை, தனி ஆள், குறைந்த சுமை என்றால் ஜிம்னி போன்ற எடை குறைந்த வண்டி. அதன் சிறிய எஞ்சினைப் பார்த்துத் தயங்க வேண்டாம், தூக்க வேண்டிய எடையும் சிறியது. காப்புக்காட்டுக்குள் நுழையும் தடமாக இருந்தால் வனத்துறையிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, முதல் தடவை சுமை இல்லாமல், கூட இன்னொரு வண்டியோடு போய் வாருங்கள்.